பவ வருஷத்து நாள்வழி

தமிழில் இலக்கிய வரலாறு எழுதியவர்கள் எல்லோரும் பேரேடு எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். பிறந்த ஊர், படிப்பு, எழுதிய நூல்கள், மறைவு, கடைசியில் நிகர இருப்பு. நாள்வழி எழுதினவர் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாகப் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் குறை சற்று அதிகமாகவே உறுத்தும். பேரேடு ஆளை வைத்து எழுதப்படுவது; நாள்வழி நாளை வைத்து எழுதப்படுவது. நாள்வழியில் உப்பு வியாபாரியும் கருப்பட்டிக் கடைக்காரரும் தோணி முதலாளியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் நிற்பார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் பணம் கட்டிய அன்றுதான் இவர் கடன் எடுத்தார் என்பது அங்கே தெரியும். பேரேட்டுக்கு மாற்றி எழுதியதும் அது மறைந்துபோகிறது. இன்று இரண்டையும் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்கிறது என்றாலும் பிரிவு பிரிவுதான்.

க.நா.சு. போட்ட பட்டியல்களைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் வேண்டிய மட்டும் சண்டை நடந்தாயிற்று. அவருடையது தரத்தை வைத்துப் போட்ட பேரேடு. 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதிய கைலாசபதியுடையது சமூக அமைப்பை வைத்துப் போட்ட பேரேடு. ஒருவர் வரவு வைத்ததை மற்றவர் பற்று எழுதினார். கணக்கு முறை ஒன்றுதான். ஓர் எழுத்தாளன் ஒரு கதையை எழுதிய அந்த வாரத்தில் அவனைச் சுற்றி என்னென்ன அச்சாகிக்கொண்டிருந்தது என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

ஆங்கிலத்தில் நாள்வழி சாதாரண விஷயம். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு வைத்திருந்த இலக்கிய வரலாறுகளின் கடைசிப் பக்கங்களில் வருஷவாரி அட்டவணை இருக்கும். பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. பின்னாளில் ஆஸ்திரேலிய இலக்கியத்தைப் பற்றிப் படித்தபோது, இரண்டு யுத்தங்களுக்கு இடைப்பட்ட வருஷங்களை அவர்கள் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். நம்மைப் போலவே லண்டனைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த தேசம் அது. நமக்கிருந்த நீண்ட மரபும் அவர்கள் மொழிக்கு அந்த மண்ணில் இல்லை. 1923-24இல் சிட்னியிலிருந்து 'விஷன்' என்று ஒரு காலாண்டிதழ் வந்தது. ஜாக் லிண்ட்ஸேயும் கென்னத் ஸ்லெஸ்ஸரும் அதில் இருந்தார்கள். நான்கு இதழ்களோடு நின்றுவிட்டது. அந்த நான்கு இதழ்களுக்கும் அவர்கள் கணக்கில் நிரந்தர இடம் உண்டு. 1934ஐ எடுத்துக்கொண்டால், சிட்னியில் ஓர் அச்சகத்தைச் சுற்றிப் பிழைக்கும் ஏழைகளைப் பற்றிக் கிறிஸ்டினா ஸ்டெட் எழுதிய 'செவன் புவர் மென் ஆஃப் சிட்னி'யும், குயின்ஸ்லாந்தில் பிறந்த பி.எல். டிராவர்ஸ் குழந்தைகளுக்காக எழுதிய 'மேரி பாப்பின்ஸ்'ஸும் அதே வருஷம் அதே லண்டனில் வெளியாகின்றன. இந்த இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச எந்த விமர்சகனுக்கும் தோன்றாது. வருஷம் வைத்துவிடுகிறது. வைத்த பிறகு, ஏன் இரண்டு பேருமே ஊரை விட்டுப் போய்த்தான் அச்சேற வேண்டியிருந்தது என்ற கேள்வி தானாக எழுகிறது.

தமிழில் அப்படி ஒரு வருஷத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியபோது நான் எடுத்ததும் 1934தான். காரணம் ஆஸ்திரேலியா அல்ல. எங்கள் வீட்டில் பவ வருஷத்து நாள்வழி ஒன்று இருக்கிறது. என் அப்பாவின் தாத்தா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. முகப்பில் கொல்லம் 1109, பவ வருஷம், சித்திரை மாசம் என்று போட்டுப் பிள்ளையார் சுழியோடு தொடங்குகிறது. 1934 ஏப்ரல் நடுவிலிருந்து 1935 ஏப்ரல் வரை. உப்பளக் கணக்கு இல்லை, வீட்டுக் கணக்கு. விளக்கெண்ணெய், சீலை, வண்டிக்கூலி, கோயில் வகை. அதோடு பேப்பர் வகை.

முதலில் இலக்கியத்தின் கணக்கு. 1933 செப்டம்பர் 17ஆம் தேதி ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் சேர்ந்து 'மணிக்கொடி'யை வாரப் பத்திரிகையாகத் தொடங்கியிருந்தார்கள். பவ வருஷம் பிறந்து ஒரு வாரம் கழித்து, 1934 ஏப்ரல் 22ஆம் தேதி இதழில், புதுமைப்பித்தனின் 'ஆற்றங்கரைப் பிள்ளையார்' வருகிறது. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது நிரம்ப மூன்று நாள் பாக்கி. அதன் பிறகு மடை திறந்தாற்போல. 'பொன்னகரம்', 'கவந்தனும் காமனும்', 'அகல்யை' எல்லாம் அந்த வருஷத்துக் கதைகள். இதை நாம் துல்லியமாக அறிந்ததுகூடச் சமீபத்தில்தான். 2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதி கதைகளைக் காலவரிசையில் பதிப்பித்த பிறகே, அவருடைய ஏறத்தாழ நூறு கதைகளில் எத்தனை பங்கு 1934, 35 ஆகிய இரண்டே வருஷங்களுக்குள் அடைபட்டிருக்கிறது என்பது கண்ணில் பட்டது. அதற்கு முன் இரண்டு மூன்று தலைமுறை அவரைத் தேதியில்லாமல் படித்தது. 1934இன் 'அகல்யை'யையும் 1943இன் 'சாபவிமோசன'த்தையும் ஒரே மனசு ஒரே மூச்சில் எழுதியதுபோல் வைத்துப் பேசினோம். நடுவில் ஒன்பது வருஷம் கிடக்கிறது.

அதே வருஷம், அதே மணிக்கொடியில், ந. பிச்சமூர்த்தியின் 'காதல்'. புதுக்கவிதையின் தொடக்கம் என்று இன்று எல்லாரும் சொல்வது. 1934இல் அப்படி யாரும் சொல்லவில்லை. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கி, பிச்சமூர்த்தியை மறுபடி அச்சிட்டு, அதைப் பார்த்துப் புதியவர்கள் எழுத வந்து, 1962இல் 'புதுக்குரல்கள்' வெளியான பிறகே 1934க்கு அந்த ஸ்தானம் கிடைத்தது. ஒரு வரவு இருபத்தைந்து வருஷம் கழித்துப் பதிவாகிறது. வங்கியில் இதற்கு அனுமதி இல்லை. இலக்கியத்தில் இதுதான் சகஜம். மௌனி இந்த வருஷத்தில் இல்லவே இல்லை. அவருடைய கதை அச்சில் வர 1936 ஆக வேண்டும். மணிக்கொடியும் கலையத் தொடங்குகிறது. 1934 செப்டம்பர் 11ஆம் தேதி, பாரதி நினைவு நாளில், 'தினமணி' பிறந்து சொக்கலிங்கம் அதற்கு ஆசிரியராகப் போகிறார். 1935இல் பி.எஸ். ராமையா மணிக்கொடியைக் கதைப் பத்திரிகையாகத் திரும்ப எடுக்கிறார். ஆக, நாம் ஒரு யுகம்போலப் பேசும் முதல் மணிக்கொடியின் ஆயுள் ஒன்றரை வருஷத்துக்குள்தான்.

இதுவரை சொன்னது நமக்குப் பழகிய பேரேட்டுப் பக்கம். அதே நாள்வழியில் அடுத்த வரிகளைப் பார்க்க வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 34இல். 1935 மார்ச்சில், பவ வருஷம் முடியுமுன், சென்னையில் அவருக்குச் சதாபிஷேக விழா. சென்னைப் பல்கலைக்கழகம் 1924இல் வெளியிடத் தொடங்கிய தமிழ் லெக்ஸிகன் இன்னும் முடியாமல் அச்சில் இருக்கிறது, 1936இல்தான் முடியும். ஈரோட்டில் 'குடி அரசு' நின்று, 'புரட்சி' வந்து, 1934இல் 'பகுத்தறிவு' வருகிறது. 1935 ஜனவரியில் மறுபடியும் வந்த 'குடி அரசு' சீர்திருத்த எழுத்துக்களில் அச்சாகிறது. இன்று நாம் யோசிக்காமல் எழுதும் 'லை', 'னை'யின் வடிவத்தை அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1978 வரை ஆயிற்று. பவ வருஷத்துக்கு மூன்று மாசம் முன்னால், 1934 ஜனவரி 24ஆம் தேதி, ஹரிஜன யாத்திரையில் திருநெல்வேலிக்கு வந்த காந்தி, பீஹார் பூகம்பம் தீண்டாமைக்கு ஈசுவரன் கொடுத்த தண்டனை என்று பேசினார். தாகூர் அதைப் பகிரங்கமாக மறுத்தார். அந்தப் பேச்சு நடந்தது புதுமைப்பித்தன் பி.ஏ. படித்த ஊரில். சரித்திரம் முழுவதையும் ஒரு பிள்ளையார் சிலையின் மேல் ஏற்றிச் சொல்லும் அவர் கதை மூன்று மாசத்தில் வருகிறது. ஒன்றால் மற்றது வந்தது என்று சொல்ல நான் தயாரில்லை. ஒரே காற்றில் இரண்டும் இருந்தன என்று மட்டும் நாள்வழி சொல்கிறது. அதற்கு மேல் சொல்வது நாள்வழியின் வேலையல்ல.

இனி எங்கள் ஊர். 1932லிருந்து வ.உ.சி. தூத்துக்குடியில் இருக்கிறார். கப்பல் போய், வக்கீல் தொழில் போய், அறுபது தாண்டிவிட்டது. 1906இல் கம்பெனி தொடங்கி எந்தக் கொழும்புக்குக் கப்பல் விட்டாரோ, அதே கொழும்பின் 'வீரகேசரி'க்கு 1933-34இல் திலகரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதுகிறார். கூடவே சிவஞானபோதத்துக்கு உரை. அது 1935இல் வெளியாகிறது. 1936 நவம்பர் 18இல் இங்கேயே மறைந்தார். தேசிய இயக்க வரலாற்றில் அவர் பக்கம் 1908இல், தண்டனையோடு, ஏறக்குறைய முடிந்துபோகிறது. இலக்கிய வரலாற்றில் உரையாசிரியர், பதிப்பாசிரியர் என்று வேறொரு மூலையில் இரண்டு வரி. 'பொன்னகரம்' வந்த வருஷத்தில் தூத்துக்குடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு எழுத்தாளராக அவரை யாரும் பார்ப்பதில்லை.

வீட்டு நாள்வழியின் பேப்பர் வகையில் மணிக்கொடி இல்லை. வருஷம் முழுக்கப் பார்த்தாயிற்று. ஒரு இடத்திலும் இல்லை. விகடன் தீபாவளிக்கு ஒரு தடவை. மற்றபடி அடிக்கடி வருவது, தோணித் தண்டல் கையில் கொடுத்தனுப்பிய கொழும்புப் பேப்பர். கொழும்பில் தாத்தாவின் தம்பி கடை வைத்திருந்தது காரணமாக இருக்கலாம். கப்பலோட்டியவர் எழுதுகிறார் என்பது காரணமாக இருக்கலாம். மாப்பிள்ளையூரணி அப்போது உப்பளங்களுக்கும் உடைமரங்களுக்கும் நடுவில் கிடந்த ஊர். என் ஆச்சி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதும் அந்தப் பழக்கம் தொடர்ந்திருக்கிறது. "மாமா பேப்பர் வாசிச்சா தெருவுக்கே கேக்கும். ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலயும் ஆளு வந்து உக்காந்துரும்" என்பாள்.

இந்த ஒரு தகவல் எனக்கு அந்த வருஷத்தைப் பிரித்துக் காட்டியது. உ.வே.சா.வின் நூல் பாடம் சொன்ன ஒருவரைப் பற்றிப் பாடம் கேட்ட ஒருவர் எழுதியது. அதில் அச்சு வடிவம் இருந்தாலும் உயிர் காதில் இருக்கிறது. மடத்தில் யார் என்ன கேட்டார், பிள்ளையவர்கள் என்ன சொன்னார், உடனே என்ன செய்யுள் பாடினார் என்று கேள்வி ஞானத்தின் கடைசிப் பெரிய பத்திரமாக அது நிற்கிறது. காந்தியும் பெரியாரும் மேடையில் பேசியவர்கள். அவர்களுடைய எழுத்திலும் எதிரே கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. வ.உ.சி.யின் உரைநடையில் வக்கீலின் நிதானம் உண்டு: ஒரு விஷயம், அதற்குக் காரணம், அடுத்த விஷயம். திண்ணையில் வாசித்தால் கடைசி ஆள்வரை போய்ச் சேரும். கல்கியைச் சொல்லவே வேண்டாம். இவர்கள் எல்லோரும் எத்தனை வேறுபட்டாலும், வாய்விட்டு வாசிக்கத் தக்க தமிழை எழுதினார்கள்.

'பொன்னகர'த்தை அப்படி வாசிக்க முடியாது. வண்டிக்கார முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான். மில்லில் வேலை செய்யும் அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். பெண்களும் குழந்தைகளும் இருக்கும் திண்ணையில் இதை எப்படி வாசிப்பது என்ற சங்கடம் ஒரு பக்கம்; அது மேலோட்டமானது. ஆழமான சங்கடம் தொனியில் இருக்கிறது. கற்பைப் பற்றி அந்தக் கதை பேசும் இடத்தை உரக்க வாசிக்கிறவன், தன் குரலை எங்கே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாக வேண்டும். மரியாதையாக வாசித்தால் அர்த்தம் ஒன்று; இளக்காரமாக வாசித்தால் இன்னொன்று. தாளில் இரண்டும் ஒரே சமயத்தில் இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிக்கிற கண்ணால்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியும். துப்பறியும் நாவல்களையும் ஜனங்கள் தனியாகத்தான் படித்தார்கள். ஆனால் அவற்றை வாய்விட்டுப் படித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. குரலுக்குப் பிடிபடாத உரைநடை தமிழில் தொகுதியாகச் சேர்ந்தது இந்த வருஷத்தில்தான். பிச்சமூர்த்தியின் 'காதல்' கவிதையில் அதே காரியத்தைச் செய்கிறது. பாடுவதற்கு ராகம் இல்லை, ஒப்பிப்பதற்கு யாப்பு இல்லை. வரியின் நீளத்தைக் கண்தான் பார்க்கிறது.

மணிக்கொடியைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் பெருமை, அது தமிழ்ச் சிறுகதைக்கு உலகத் தரத்தைக் கொண்டுவந்தது என்பது. இருக்கட்டும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அது தமிழில் தனி வாசகன் என்ற ஒரு பிறவியை உண்டாக்கியது என்பது. திண்ணையிலிருந்து எழுந்து, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு படிப்பவன். இதைப் படிக்கிற நாம் எல்லோரும் அவன் வம்சம். நம் சொரணையும் நம் எண்ணிக்கையும் அவனிடமிருந்து வந்தவை. முன்னூறு பிரதி அச்சடித்து, நூறு பேருக்கு இலவசமாக அனுப்பி, நாற்பது பேர் படிக்கிறார்கள் என்று நாம் திருப்திப்படுவதும் மனம் கசப்பதும் அங்கே தொடங்கியவை.

ஆனால் இந்தக் கணக்கில் இன்னொரு பதிவும் இருக்கிறது. ஆச்சி காலமாவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு மழை நாளில், கரண்டும் இல்லாமல் இருந்தபோது, அவளுக்குப் 'பொன்னகர'த்தை வாசித்துக் காட்டினேன். குரலை எந்தப் பக்கமும் சாய்க்காமல், வங்கிச் சுற்றறிக்கையை வாசிப்பதுபோல வாசித்தேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இத எழுதுனவன் அவள ஏசுதானாலே, இல்ல நம்மள ஏசுதானா?" என்றாள். அந்தக் கதையைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டவை. அவள் அஞ்சாம் வகுப்பு தாண்டவில்லை.

குரலுக்குப் பிடிபடாத உரைநடை என்று மேலே சொன்னதை இதற்காக நான் மாற்றப் போவதில்லை. வாசிக்கிற குரல் தீர்ப்புச் சொல்லாமல் இருந்ததால்தான் அவளுக்குக் கேள்வி எழுந்தது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. தனி வாசகன் பிறந்தது தவிர்க்க முடியாதது. தெருவுக்குக் கேட்காமல் போனது தவிர்க்க முடியாததல்ல. அந்த எழுத்துக்குத் திண்ணையில் இடமில்லை என்று திண்ணை சொல்லவில்லை. அந்தப் பேப்பர் திண்ணைக்கு வரவே இல்லை. விநியோகம் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் விஷயம் அது. பணமும் இல்லை, ஏஜெண்டும் இல்லை, மூன்று ஆசிரியர்களும் மூன்று திசையில் போக வேண்டியிருந்தது. இவை பொருளாதாரக் காரணங்கள். ஆனால் சிறிது காலத்தில் இதையே ஒரு அழகியல் கொள்கையாக மாற்றிக்கொண்டுவிட்டோம். பலருக்குப் புரியாதது உயர்ந்தது என்று. எங்கள் கிளையில் வசூலாகாத கடனைச் சில வருஷம் புத்தகத்தில் சொத்தாகவே காட்டிக்கொண்டு வருவதுண்டு. ஒரு கட்டத்தில் தணிக்கைக்காரர் விடமாட்டார். நமக்குத் தணிக்கை இல்லை.

எதிர்க்கட்சி சொல்வதையும் கவனிக்கலாம். வருஷக் கணக்கு போட்டால் தரம் போய்விடும், தினமணியும் 'அகல்யை'யும் ஒரே எடையாகிவிடும் என்பார்கள். ஆகாது. நாள்வழியில் ஒரு ரூபாயும் ஆயிரம் ரூபாயும் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை. தொகை அந்தந்த வரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தரம் தெரிந்தவனுக்குத்தான் நாள்வழி உபயோகம். தெரியாதவனுக்கு அது வெறும் தேதிகள்.

இந்தக் கடலில் முத்துக்குளிப்புக்கு ஒரு பழைய நடைமுறை இருந்தது. மீன்துறைக்காரர்கள் தோணியில் போய்ப் பார்களைச் சோதித்து, சிப்பி இருக்கிறதா, என்ன வயது, எடுக்கத் தேறுமா என்று எழுதிவைப்பார்கள். தேறினால்தான் சலாபம். 1926, 27, 28இல் தூத்துக்குடியில் சலாபம் நடந்தது. அதன் பிறகு 1955 வரை இல்லை. 1961க்குப் பிறகு இன்றுவரை இல்லை. ஆனால் சிப்பி இல்லாத வருஷங்களுக்கும் குறிப்பு எழுதினார்கள். இல்லை என்று எழுதியதால்தான், எப்போது ஏன் இருந்தது என்பதை யோசிக்கவாவது பின்னால் வந்தவர்களுக்கு வழி கிடைத்தது. நாம் சலாபம் நடந்த வருஷங்களை மட்டும் எழுதுகிறோம். 1934 முத்து இல்லாத வருஷம். இலக்கியத்தில் முத்து விளைந்த வருஷம். 1928இல் என்ன வந்தது, 1941இல் என்ன வந்தது என்று யாராவது கேட்டால் நம்மிடம் பேர்கள்தான் இருக்கின்றன, வருஷம் இல்லை.

இந்த வேலைக்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. 1994இல் ஏற்பட்ட ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்கள் பல காத்திருக்கின்றன. ஆளுக்கு ஒரு வருஷம் என்று எடுத்துக்கொண்டால் நம்மைப் போன்ற நாற்பது பேர் போதும். கதை, கவிதை, உரை, துண்டுப் பிரசுரம், மேடைப் பேச்சு, எழுத்துச் சீர்திருத்தம், நின்றுபோன பத்திரிகை எல்லாவற்றையும் தேதி வரிசையில் எழுத வேண்டும். அதோடு, அந்த வருஷத்தில் அவரவர் ஊரில் எந்தப் பேப்பர் வந்தது, யார் வாசித்தார்கள், யாருக்குக் கேட்டது என்பதையும் எழுத வேண்டும். அதுதான் கடினம், அதற்குத்தான் அவசரமும். கேட்டவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பவ வருஷத்தை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். யுவ வருஷம் காலியாக இருக்கிறது.